ஷார்ஜாவிலிருந்து தஞ்சாவூருக்கு நான்கு டிக்கெட்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஷார்ஜாவில் வேலை. மனைவியும் ஒன்பது வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் இருவரும் உடன் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறை விட்டதும் ஜூலை முதல் வாரம் எல்லோரும் தஞ்சாவூருக்குப் போக வேண்டும். நீங்கள் பத்து நாளில் திரும்பிவிடுவீர்கள். மனைவியும் பிள்ளைகளும் ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறப்பதற்கு முன் வர வேண்டும். மூன்று வாரமாகத் தினமும் தேடுகிறீர்கள், பார்க்கும்போதெல்லாம் விலை ஏறியிருக்கிறது. நாம் தேடுவதைக் கண்காணித்துத்தான் ஏற்றுகிறார்களா, செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் எடுத்தால் குறையும் என்பது உண்மையா, டிராவல்ஸில் எடுப்பதா நாமே எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

திருச்சியில் 1998 முதல் டிக்கெட் போடும் வேலையில் இருக்கிறேன். கார்பன் தாள் வைத்த காகித டிக்கெட்டைக் கையால் எழுதிக் கொடுத்த காலத்தில் தொடங்கியவன். 2008 ஜூனோடு அந்தக் காகிதம் போய்விட்டது, உங்கள் கேள்வி மட்டும் மாறவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் வளைகுடாவிலிருந்து இதே கவலையோடு போன் வரும். எனவே எனக்குத் தெரிந்ததை முழுவதுமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் கண்காணிப்பு. நீங்கள் ஒருவர் மூன்று முறை தேடினீர்கள் என்பதற்காக விமான நிறுவனம் விலையை ஏற்றுவதை இத்தனை ஆண்டில் நான் ஒரு முறையும் பார்த்ததில்லை. உலாவியின் ரகசிய சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்தாலும் வேறு போனில் திறந்தாலும், அதே நேரத்தில் அதே இருக்கைக்கு அதே விலைதான் வருகிறது. விலை ஏறுவதற்குக் காரணம், உங்களைப் போலவே தேடிய வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்பதே. செவ்வாய்க்கிழமைக் கதைக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. கட்டணங்களை விமான நிறுவனங்கள் ஒரு மைய அமைப்புக்கு அனுப்பி, அங்கிருந்துதான் உலகெங்கும் உள்ள ஏஜென்ட்டுகளின் திரைக்கு வரும். முன்பு அது நாளுக்குச் சில முறை மட்டும் நடந்தது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் வாரத் தொடக்கத்தில் சலுகை அறிவித்தால் மற்றவர்கள் மறுநாள் ஈடுகொடுப்பார்கள், அதனால் செவ்வாய் மலிவு என்ற பேச்சு பரவியது. இன்று நாள் முழுவதும் கட்டணம் மாறிக்கொண்டிருக்கிறது. அதற்காக நள்ளிரவில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

விலை எப்படி ஏறுகிறது என்பதை என் திரையை வைத்தே காட்டுகிறேன். ஒரு நாளின் விமானத்தைத் திறந்தால் எங்களுக்கு இப்படி ஒரு வரி தெரியும்: ஒய் 9, பி 9, எம் 9, எச் 7, கே 4, கியூ 4, எல் 2, வி 0. இவை எல்லாம் ஒரே எகானமி இருக்கைகள்தான். அதே சீட், அதே சாப்பாடு. ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விலை உண்டு. வலது பக்கம் போகப் போக மலிவு. எண், அந்த விலையில் எத்தனை இருக்கை விற்கலாம் என்பதைச் சொல்கிறது. 9 என்றால் ஒன்பது அல்லது அதற்கு மேல். மேலே உள்ள வரியில் வி தீர்ந்துவிட்டது, எல் இரண்டு பேருக்கு மட்டும் இருக்கிறது. அந்த இரண்டும் போனால் அடுத்தவருக்குக் கியூ விலை. இதைத்தான் நீங்கள் ‘காலையில் பார்த்தது மாலையில் ஏறிவிட்டது’ என்கிறீர்கள். மலிவு விமான நிறுவனங்கள் எழுத்துகளை நமக்குக் காட்டாது. ஆனால் அங்கேயும் இதே படிக்கட்டுதான்.

இந்த முறையைப் பெரிய அளவில் கையாண்டு காட்டியது அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 1985-இல். பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு நிறுவனம் அதன் பயணிகளை இழுத்துக்கொண்டிருந்தது. அமெரிக்கன் தன் எல்லா இருக்கைகளையும் மலிவாக விற்காமல், முன்கூட்டி வாங்குபவருக்குச் சில இருக்கைகளை மட்டும் போட்டியாளரின் விலைக்கு ஒதுக்கியது. கடைசி நேரத்தில் வரும் வியாபாரிக்கு முழு விலையை வைத்துக்கொண்டது. இரண்டே ஆண்டில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற பெயரே வானத்தில் இல்லாமல் போனது. அதன் பிறகு உலகம் முழுவதும் இதுவே வழக்கம்.

இப்போது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று. நான்கு பேர் என்று போட்டுத் தேடும்போது, நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே படியில் இடம் இருக்கிறதா என்றுதான் பெரும்பாலான தளங்கள் பார்க்கும். எல் வகுப்பில் இரண்டுதான் இருந்தால், நான்கு பேரையும் கியூவுக்கு ஏற்றிவிடும். உதாரணத்துக்கு எல் 700 திர்ஹாம், கியூ 950 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேராகத் தேடினால் 3,800. இரண்டு பேராக முதலில் வாங்கிவிட்டு, மீதி இருவருக்குத் தனியாக வாங்கினால் 1,400-ம் 1,900-மாக 3,300. ஐந்நூறு திர்ஹாம் மிச்சம். எனவே எப்போதும் ஒருவர், இருவர், நால்வர் என்று மூன்று முறை தேடிப் பாருங்கள். ஒருவருக்கான விலையும் நால்வருக்கான தலா விலையும் ஒன்றாக இருந்தால் சேர்த்தே வாங்குங்கள். வேறுபட்டால் பிரித்து வாங்குங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு பி.என்.ஆரிலும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்: மனைவியோடு இளைய பிள்ளை, உங்களோடு மூத்த பிள்ளை என்பதுபோல. ஒரு பி.என்.ஆரில் நேர மாற்றம் வந்தால் இன்னொன்றையும் நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும், அந்தச் சிரமத்தைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

ஆனால் இது சில நூறு திர்ஹாம் விஷயம். பெரிய தொகை தேதியில்தான் இருக்கிறது. வளைகுடாப் பயணத்தில் கூட்டம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இருப்பதில்லை. ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் அமீரகத்திலிருந்து ஊருக்கு வரும் விமானம் நிரம்பி வழியும், அதே விமானம் திரும்பிப் போகும்போது பாதி காலியாக இருக்கும். ஆகஸ்ட் மூன்றாம், நான்காம் வாரத்தில் இது தலைகீழாகும். ஊரிலிருந்து அமீரகம் போகும் டிக்கெட் எரியும், அங்கிருந்து வருவது சல்லிசாகக் கிடைக்கும். உங்கள் பயணத்தை இதில் வைத்துப் பாருங்கள். ஜூலை முதல் வாரம் நான்கு பேரும் கூட்டத்தோடு வருகிறீர்கள். நீங்கள் மட்டும் ஜூலை நடுவில் காலி விமானத்தில் திரும்புகிறீர்கள், அது மலிவு. மனைவியும் பிள்ளைகளும் ஆகஸ்ட் கடைசியில் மறுபடி கூட்டத்தில் போகிறார்கள்.

இதில் நகர்த்தக்கூடியவை எவை? மனைவி பிள்ளைகளோடு தனியாகப் பயணம் செய்யத் தயங்காதவர் என்றால், அவர்களை ஜூலைத் தொடக்கத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, நீங்கள் ஜூலை கடைசியில் வந்து ஆகஸ்ட் முதல் வாரத்தில் திரும்புங்கள். உங்கள் டிக்கெட் போக வர இரண்டு பக்கமும் கூட்டம் இல்லாத நாளில் விழும். அடுத்து பள்ளி. விடுமுறை தொடங்கும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக, அல்லது திறந்து நான்கைந்து நாள் கழித்து வர அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். பள்ளி திறக்கும் முந்தைய சனி, ஞாயிறுதான் உச்சம். அதிலிருந்து ஒரு வாரம் முன்னே வந்தால் கணிசமாகக் குறையும். ஒரத்தநாட்டிலிருந்து ஓர் அம்மா ஆண்டுதோறும் மகளையும் பேரப்பிள்ளைகளையும் அனுப்ப என்னிடம் டிக்கெட் எடுப்பார். ‘பிள்ளைகள் இன்னும் ஐந்து நாள் என்னோடு இருக்கட்டுமே’ என்றுதான் ஒவ்வொரு முறையும் தேதி கேட்பார். அந்த ஐந்து நாளின் விலை என்ன என்று நாள்காட்டியைத் திருப்பிக் காட்டியபோது, இரண்டு நாளை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றை விட்டுக்கொடுத்தார். மிச்சமான பணத்தில் அவரே ஜனவரியில் மகளைப் பார்க்க ஷார்ஜா போய் வந்தார்.

தேதியை இப்படி ஆராய கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் இரண்டிலும் மாதம் முழுவதுக்குமான விலைக் கட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட தேதியைப் போட்டுத் தேடுவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள். விலை எச்சரிக்கையும் வைத்துவிடுங்கள், தினமும் தேடி மனம் நோக வேண்டாம். ஆனால் கடைசியில் வாங்குவதை அந்தந்த விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள்.

அடுத்தது எந்த ஊரில் இறங்குவது என்பது. திருச்சிக்கு ஏன் எப்போதும் விலை கூடுதல் என்று பலரும் கேட்கிறார்கள். இது எங்கள் ஊரின் நெடுநாள் குறை. இரு நாடுகளுக்கிடையே எந்த நிறுவனம் எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை இருக்கை ஓட்டலாம் என்பதை அரசுகள் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கின்றன. இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையே ஒவ்வொரு பக்கத்துக்கும் வாரம் சுமார் 65,000 இருக்கை என்ற வரம்பு 2014-இல் போட்டது. ஷார்ஜாவுக்கும் அபுதாபிக்கும் தனித்தனி ஒப்பந்தம். அமீரக நிறுவனங்கள் இறங்கலாம் என்று குறிக்கப்பட்ட ஊர்களில் சென்னை இருக்கிறது, கொச்சி இருக்கிறது, ஏர் அரேபியாவுக்குக் கோவையும் இருக்கிறது. திருச்சியும் மதுரையும் இல்லை. எனவே திருச்சிக்கு இந்திய நிறுவனங்கள் மட்டுமே ஓட்ட முடியும், போட்டி குறைவு. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இந்தத் தடை இல்லாததால்தான் ஸ்கூட்டும் ஏர் ஏசியாவும் திருச்சிக்கு வருகின்றன. ஏர் ஏசியா இந்தியாவில் முதன்முதலில் இறங்கியதே 2008 டிசம்பரில் எங்கள் ஊரில்தான். அந்த வழித்தடங்களில் விலை எப்படி இறங்கியது என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால், வளைகுடாவுக்கும் இந்தக் கதவு திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்கிறேன், இனியும் கேட்பேன்.

அதுவரை நாம் செய்யக்கூடியது, இரண்டு பக்கமும் விமான நிலையங்களை விரித்துத் தேடுவது. அங்கே ஷார்ஜா, துபாய், அபுதாபி. இங்கே திருச்சி, மதுரை, கோவை, சென்னை, கொச்சி. கொச்சி உங்களுக்குத் தொலைவாகத் தோன்றலாம். ஆனால் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியில் இறங்கி ஆலுவா ரயில் நிலையத்துக்குப் போய் ஏறினால், எர்ணாகுளத்திலிருந்து இரவில் புறப்பட்டு அந்த வழியே வரும் காரைக்கால் எக்ஸ்பிரஸ் உங்களைக் காலையில் தஞ்சாவூரிலேயே இறக்கிவிடும். ரயில் டிக்கெட்டை முன்பே எடுத்திருக்க வேண்டும், விமானம் மாலைக்குள் இறங்க வேண்டும். கணக்கை நேர்மையாகப் போடுங்கள். திருச்சி விமான நிலையத்திலிருந்து தஞ்சாவூர் வீட்டு வாசலுக்கு ஒன்றேகால் மணி நேரக் கார். சென்னை அல்லது கொச்சி என்றால் நான்கு பேருக்கு ரயில் செலவு, வழிச் சாப்பாடு, ஓர் இரவு. நான்கு பேருக்கும் சேர்த்து மிச்சம் அந்தச் செலவைப்போல இரு மடங்காவது இல்லையென்றால், சிறு பிள்ளைகளோடு திருச்சியிலேயே இறங்குங்கள். நீங்கள் தனியாக வரும் பயணத்துக்குக் கொச்சி நல்ல வழி.

கொழும்பு வழியாக ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் வருவதையும் பாருங்கள். துபாயிலிருந்து கொழும்பு, அங்கிருந்து திருச்சி. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி நேராகத் திருச்சிக்கு வந்துவிடும், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இந்த ‘ஒரே டிக்கெட்’ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. என் தங்கை குடும்பம் ஒரு முறை என்னைக் கேட்காமல், ஷார்ஜா–மும்பை ஒரு நிறுவனத்திலும் மும்பை–திருச்சி வேறொன்றிலும் தனித்தனியாக எடுத்தார்கள். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். மும்பையில் குடிநுழைவு முடித்து, பெட்டி எடுத்து, மறுபடி செக்-இன் வரிசைக்கு ஓடியபோது கவுண்டர் மூடியிருந்தது. அந்த டிக்கெட் போனது போனதுதான். அன்று அங்கேயே எடுத்த புது டிக்கெட்டின் விலை, ஆரம்பத்திலேயே நேரடியாக எடுத்திருந்தால் ஆகியிருக்கும் தொகையைத் தாண்டிவிட்டது. குழந்தைகளோடு அந்த இரவை நாற்காலியில் கழித்தார்கள். தனித்தனி டிக்கெட்டாக எடுத்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது: ஒரே டிக்கெட்டில் முதல் பகுதியில் ஏறாமல் விட்டால், மீதிப் பகுதிகளை எல்லாம் நிறுவனம் ரத்து செய்துவிடும். ‘ஷார்ஜா–கொச்சி–சென்னை’ என்று எடுத்துக் கொச்சியில் ஏறிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

எப்போது வாங்குவது? சாதாரண நாட்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு என்றால் போதும். உச்சப் பருவத்துக்கு அது போதாது. விமான அட்டவணை ஆண்டுக்கு இரண்டு: மார்ச் கடைசி ஞாயிறு தொடங்குவது கோடைக்கு, அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்குவது குளிர்காலத்துக்கு. ஜூலைப் பயணத்தைப் பிப்ரவரி, மார்ச்சிலேயே வாங்குபவர்கள் கீழ்ப்படிகளை எடுத்துக்கொள்கிறார்கள். கடைசி நேரத்தில் குறையும் என்று பள்ளி விடுமுறைப் பயணத்துக்குக் காத்திருக்காதீர்கள், நான் பார்த்தவரை அது குடும்பங்களை ஏமாற்றியே இருக்கிறது.

டிராவல்ஸா, நாமா? ஒருவர் இருவர் சாதாரணமாகப் போய் வர நீங்களே எடுங்கள், எங்களிடம் வரத் தேவையில்லை. மூன்று இடங்களில் ஏஜென்ட் உண்மையாகவே உதவுவார். ஒன்று சீரிஸ் கட்டணம்: சில ஏஜென்ட்டுகள் உச்சப் பருவத்து நாட்களில் இருபது முப்பது இருக்கைகளை முன்பணம் கட்டி மொத்தமாக வாங்கி வைத்திருப்பார்கள். ஜூலையில் விலை ஏறிய பிறகும் பழைய விலையில் அவர்களிடம் இருக்கும். ஆனால் ரத்து செய்தால் பெரும்பாலும் ஒன்றும் திரும்பாது. இரண்டு, பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து போகும் குழு. மூன்று, கப்பல் பணியாளர், மாணவர் போன்றோருக்குக் கூடுதல் எடையும் தேதி மாற்றச் சலுகையும் உள்ள தனிக் கட்டணங்கள். ஏஜென்ட்டிடம் எடுத்தாலும் பி.என்.ஆர் எண்ணை வாங்கி, விமான நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பெயர் வருகிறதா என்று அன்றே பாருங்கள். உங்கள் சொந்தப் போன் எண்ணையே பதியச் சொல்லுங்கள், நேர மாற்றம் வந்தால் தகவல் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

விலையை ஒப்பிடும்போது லக்கேஜைச் சேர்த்தே ஒப்பிடுங்கள். ஊருக்கு வரும் குடும்பம் கைப்பையோடு வருவதில்லை. செக்-இன் லக்கேஜ் இல்லாத கட்டணம்தான் தேடலில் முதலில் தெரியும். 30 கிலோ சேர்த்தால் எவ்வளவு, பின்னால் விமான நிலையத்தில் கட்டினால் எவ்வளவு என்று பாருங்கள். விமான நிலையத்தில் கிலோ கணக்கில் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம், காப்பீடு, இருக்கைத் தேர்வு என்று தானாகக் குறியிட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இப்படிச் சொல்லாமல் கூடையில் சேர்ப்பதை இந்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே முறைகேடான நடைமுறை என்று பட்டியலிட்டிருக்கிறது. திர்ஹாம் கார்டு வைத்திருப்பவர் திர்ஹாமிலேயே கட்டுங்கள். ரூபாயில் காட்டும் தளத்தில் அந்தக் கார்டால் கட்டினால் நாணயம் மாற்றும் கட்டணம் தனியாக ஏறும்.

ரத்து செய்வதில் பலர் தங்கள் பணத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று எழுதிய டிக்கெட்டிலும், பயணம் செய்யாவிட்டால் அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. விமானத்தைத் தவறவிட்டவரும் வரியைக் கேட்டு வாங்கலாம். 2016-இல் வந்த விதிப்படி இந்திய நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக வாங்கி, பயணத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால், 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி ரத்து செய்ய முடிந்தது. இந்த விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள் என்பதால் வாங்கும் நாளில் நடப்பு விதியை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல விலை வந்தால் தயங்காமல் வாங்கிவிட்டு, நடப்பு விதி தரும் அவகாசத்துக்குள் மனைவியோடும் அலுவலகத்தோடும் பேசி முடிவு செய்யலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஊரில் வயதான பெற்றோர் இருப்பவர்கள், என்றாவது ஒரு நாள் சில மணி நேரத்தில் புறப்பட வேண்டி வரும் என்பதற்காக ஒரு டிக்கெட்டின் முழு விலையைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டு மாதச் சம்பளத்தைக் கடன் வாங்கிக் கட்டி வந்தும் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போன ஒரு கொத்தனாரை எனக்குத் தெரியும். திருச்சிக்கு மட்டுமே தேடி, அன்று இடம் இல்லை என்று மறுநாள் வரை காத்திருந்தார். அன்றிரவே கொச்சிக்கு இடம் இருந்தது. அவசரத்தில் முதலில் கொச்சி, சென்னை, கோவை மூன்றையும் பாருங்கள், இறங்கிய பிறகு கார் பிடித்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் பெயர். நம்மவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது வழக்கம். டிக்கெட் படிவமோ இரண்டு பெயர் கேட்கும். தோன்றியதை எழுதாமல், ஒற்றைப் பெயருக்கு அந்த நிறுவனம் என்ன எழுதச் சொல்கிறது என்று அதன் உதவிப் பக்கத்தில் பார்த்து அப்படியே எழுதுங்கள். அடுத்தது தேதி. வளைகுடாவிலிருந்து வரும் பல விமானங்கள் நள்ளிரவு தாண்டிப் புறப்படுகின்றன. ஜூலை 5, 00.40 மணி என்று டிக்கெட்டில் இருந்தால் 4-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று குடும்பங்களாவது 5-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றுவிட்டு எனக்குப் போன் செய்கிறார்கள்.

பள்ளியில் கேட்டுவிட்டு, எந்தெந்தத் தேதிகளில் நகர முடியும், எத்தனை கிலோ வரும் என்று எழுதுங்கள் தம்பி. நான்கு பேருக்கும் எந்தப் படியில் எத்தனை இடம் இருக்கிறது என்று என் திரையில் பார்த்துச் சொல்கிறேன். வாங்குவதை நீங்களே வாங்கிக்கொள்ளலாம்.